நீங்கிய காரணம்: பெற்றோர் விருப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை சேலம் பதிப்பில், நகரின் குகைப் பகுதியில் பூட்டிக் கிடக்கும் எங்கள் பழைய உயர்நிலைப் பள்ளியின் படத்தைப் போட்டிருந்தீர்கள். ஓடு சரிந்து, ஜன்னல் இடுக்கில் அரசங்கன்று முளைத்து, வாசலில் பிளாஸ்டிக் குடம் விற்கிறவரின் தள்ளுவண்டி நிற்கிற படம். படத்தில் ஒரு குறையும் இல்லை. கீழே நாலு வரி எழுதியிருந்தீர்கள். அதில் மூன்றாவது வரி: "மாணவர் சேர்க்கை இல்லாததால் இப்பள்ளி மூடப்பட்டது." அந்த ஒரு வரியைத் திருத்தச் சொல்லித்தான் எழுதுகிறேன். கடிதம் நீளும். வெட்டுவது உங்கள் உரிமை. ஆனால் பதிவேடுகளைப் பற்றிக் கடைசியில் எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

நான் அந்தப் பள்ளியில் 1975 முதல் 2008 வரை எழுத்தர். அதற்கு முன் ஆறு வருடம் அங்கேயே மாணவன். பள்ளியின் பெயரை எழுதவில்லை. சில இடங்களில் இன்னும் வேலையில் இருப்பவர்களுக்குச் சங்கடம் வரும் என்பது ஒன்று. பெயரைச் சொன்னால் பேச்சு பெயரோடு நின்றுவிடும் என்பது இன்னொன்று.

பள்ளி எழுத்தர் என்றால் சம்பளப் பட்டியல் போடுகிறவர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது மாதம் நாலு நாள் வேலை. உண்மையான வேலை சேர்க்கை நீக்கப் பதிவேடுதான். அகலமான, கனத்த, காலிகோ போட்டுத் தைத்த புத்தகம். விரித்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு மேசையை அடைக்கும். இடது ஓரத்தில் சேர்க்கை எண். அடுத்து சேர்ந்த நாள், பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, தாய்மொழி, தகப்பனார் பெயர், அவர் தொழில், முன்பு படித்த பள்ளி, அம்மை குத்தியதா இல்லையா, சேர்ந்த வகுப்பு. வலது பக்கம் பிள்ளை போகிற கதை. நீங்கிய நாள், அப்போது படித்த வகுப்பு, மாற்றுச் சான்றிதழ் எண். கடைசிக் கட்டம், நீங்கியதற்கான காரணம். மற்றக் கட்டங்களைவிட அது கொஞ்சம் குறுகல். ஒரு பிள்ளை ஏன் போனது என்பதை இரண்டு விரல் அகலத்தில் எழுத வேண்டும்.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே பழைய தொகுதியை இறக்கி என் பெயரைத் தேடினேன். 1961 ஜூன், முதல் பாரம். அப்போது ஆறாம் வகுப்பை அப்படித்தான் சொல்வோம். தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் "கூலி" என்று இருந்தது. என் அப்பா தறிக்காரர். கூலிக்கு நெய்தார் என்பது உண்மைதான், ஆனாலும் அவர் நெய்த வேட்டியின் கரையைப் பார்த்தவர்கள் கூலி என்று எழுத மாட்டார்கள். பேனா கையில் இருக்கிறது, பதிவேடு என் பொறுப்பில் இருக்கிறது, பக்கத்தில் யாரும் இல்லை. கூலிக்குப் பின்னால் "நெசவு" என்று ஒரு சொல் எழுத இடமும் இருந்தது. எழுதவில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்று அதற்கு மூன்று நாள் முன்னால்தான் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார்.

அந்தத் தொழில் கட்டத்தை மட்டும் வரிசையாகப் படித்தால் சேலத்தின் கதை வரும். முதல் தொகுதிகளில் தறி, கூலி, வண்டி ஓட்டுதல், செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓஹோவென்று ஓடிய நாளில் ஓரிடத்தில் "தச்சு, சினிமா கம்பெனி" என்று கூட ஒருவர் எழுதியிருக்கிறார். பிறகு ஜவ்வரிசி மில் வரும். எழுபதுகளில் இருந்து பக்கத்துக்குப் பக்கம் "வெள்ளி வேலை". தறி இறங்க இறங்க கொலுசு ஏறியது. 1981ல் இரும்பாலை ஓடத் தொடங்கியபோது இனி அந்தக் கட்டத்தில் இரும்பாலை என்று எழுதுவோம் என்று எதிர்பார்த்தோம். ஓரிருவரைத் தவிர வரவில்லை. அந்த வேலையெல்லாம் எங்கள் பேட்டைக்கு வரவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

பிறந்த தேதியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாதிப் பிள்ளைகள் எங்கள் பதிவேட்டில் மே கடைசியிலோ ஜூன் முதலிலோ பிறந்திருப்பார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பாட்டியோ அத்தையோ கூட்டிவருவார்கள். "பஞ்சம் வந்துச்சே, அந்த வருசம் பொறந்தவனுங்க" என்பார்கள். ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதால் வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். தொடக்கப் பள்ளியில் போட்டதை நாங்கள் அப்படியே எடுத்து எழுதுவோம். ஜாதகம் எழுதி வைக்காத வீடுகளுக்கு அந்த வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த நாள். இன்றைக்கும் அதுதான்.

ஆடிப் பண்டிகை வாரத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்க்கவே வேண்டாம். குகையில் வண்டி வேடிக்கை, அதாவது சாமி வேடம் போட்டவர்கள் வண்டிகளில் ஊர்வலம் வருவது, என்றால் மறுநாள் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. ஒரு வருடம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இரவெல்லாம் வண்டியில் நரசிம்மராக நின்றுவிட்டுக் காலையில் அப்படியே பள்ளிக்கு வந்துவிட்டான். கழுத்தில் மஞ்சள் சாயம் போகவில்லை. இரண்டாம் பீரியடில் தூங்கிவிட்டான். "சாமி தூங்குது, எழுப்பாதீங்க" என்றார் கணக்கு வாத்தியார். அந்தக் கணக்கு வாத்தியார் பின்னால் வருவார், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரலாறு. சேலம் நகராட்சி 1866ல் ஏற்பட்டது. ராஜாஜி 1917ல் அதன் தலைவராக இருந்தார். இதை ஏன் இழுக்கிறேன் என்றால், உங்கள் செய்தியை டீக்கடையில் படித்த ஒருவர், "ராஜாஜி மூடுன ஸ்கூல்ல இதுவும் ஒண்ணுங்க" என்றார். இல்லை. அவர் முதலமைச்சராக இருந்தபோது 1953ல் கொண்டுவந்த அரைநாள் படிப்புத் திட்டம் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு. 1954ல் காமராஜர் வந்ததும் அது போய்விட்டது. நகராட்சி உயர்நிலைப் பள்ளிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. எங்கள் பள்ளி வளர்ந்ததே அந்தக் காலத்துக்குப் பிறகுதான். 1956ல் தொடங்கிய மதிய உணவைத் தொடக்கப் பள்ளியில் தின்றுவிட்டு, பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டாம் என்ற தைரியத்தில் முதல் பாரத்துக்கு வந்த கூட்டம் நாங்கள். அறுபதுகளின் சேர்க்கைத் தொகுதிகள் இரண்டு வருடத்துக்கு ஒன்று நிரம்பின. வராந்தாவில் வகுப்பு நடந்தது. இந்தி வாத்தியார் இருந்தார். 1968ல் இருமொழிக் கொள்கை வந்ததும் அவருக்குப் பாடவேளை இல்லாமல் போனது. அது நான் முடித்துவிட்டு வெளியே போன பிறகு நடந்தது.

முதல் அடி 1978ல் விழுந்தது. அடி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. அதுவரை பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்தால் பள்ளிப் படிப்பு முடிந்தது. பிறகு கல்லூரியில் பி.யு.சி. என்று ஒரு வருடம். 1978ல் பத்தோடு எஸ்.எஸ்.எல்.சி. என்றும், அதற்கு மேல் பிளஸ் ஒன், பிளஸ் டூ என்றும் ஆக்கினார்கள். பிளஸ் டூ கிடைத்த பள்ளி மேல்நிலைப் பள்ளி ஆயிற்று. கிடைக்காத பள்ளி உயர்நிலையிலேயே நின்றது. ஆய்வுக்கூடம் கட்ட இடம் வேண்டும், அறை வேண்டும். எங்களுக்கு ஒரு பக்கம் தெரு, ஒரு பக்கம் வெள்ளிப் பட்டறை, பின்னால் திருமணிமுத்தாறு. ஒரு கெஜம் நகர முடியாது. ஒரே நாளில் எங்கள் பள்ளியில் ஒரு வகுப்பு குறைந்தது, ஊரில் எல்லாரும் கேட்கிற இரண்டு வகுப்பு எங்களிடம் இல்லாமல் போனது. "பத்தாவது முடிச்சுட்டு எடம் தேடி அலையறதுக்கு, இப்பவே பிளஸ் டூ இருக்கிற பள்ளிக்கூடத்துல போட்டுடலாம்ங்க சார்" என்று எட்டாம் வகுப்பு முடித்ததுமே டி.சி. கேட்டு வந்தார்கள். பிற்பாடு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. நல்ல காரியம். ஆனால் சைக்கிள் வரிசையாக நிற்கிற பள்ளி எது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும் இல்லையா?

1982ல் சத்துணவு வந்தது. 1984ல் அதைப் பதினைந்து வயது வரை நீட்டியபோது எங்களுக்கும் வந்தது. சமையல் கூடத்துக்கு இடம் ஏது, சைக்கிள் ஸ்டாண்டைத்தான் எடுத்தோம். அதற்கு ஒரு பதிவேடு. வேலை கூடியதே என்று அப்போது முணுமுணுத்தேன். ஆனால் அந்த இரண்டு மூன்று வருடத்தில் "தொடர்ந்து வராமை" என்ற காரணத்தை நான் எழுதியது குறைந்தது. இது என் கண்ணால் பார்த்தது.

1994க்கு வருகிறேன். சேலம் நகராட்சி மாநகராட்சி ஆன வருடம். பெயர்ப் பலகையை ஒரே நாளில் மாற்றிவிட்டார்கள். ரப்பர் ஸ்டாம்பு மட்டும் வரவில்லை. டி.சி. கொடுக்கிற பருவம், வாசலில் வரிசை நிற்கிறது. கையில் இருக்கிற முத்திரையில் "நகராட்சி உயர்நிலைப் பள்ளி" என்று இருக்கிறது. தலைமையாசிரியர் யோசித்துவிட்டு, "முன்னாடி ஒரு மா போட்டுடுங்க" என்றார். முத்திரை குத்தி, ஈரம் காய்வதற்குள் அதன் இடப்பக்கத்தில் ஊதா மையில் "மா" என்று ஓர் எழுத்தை என் கையால் எழுதினேன். இரண்டாம் நாளே ஒரு பள்ளியிலிருந்து டி.சி. திரும்பி வந்தது. கையால் எழுதிய எழுத்துக்குச் சான்று இல்லையாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாவுக்குப் பக்கத்திலும் தலைமையாசிரியர் ஒரு குட்டிக் கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் எங்கள் பள்ளியை விட்டுப் போன அத்தனை பிள்ளைகளின் சான்றிதழிலும் என் கையால் எழுதிய மா இருக்கும். யாராவது இன்னும் வைத்திருந்தால் பாருங்கள். கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும்.

என் மகளின் டி.சி.யிலும் அது இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை எங்கள் பள்ளியில்தான் படித்தாள். நன்றாகப் படித்தாள். அந்த ஜூனில் பிளஸ் டூ இருக்கிற பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இடம் கிடைத்தது. விண்ணப்பம் எழுதியது நான், டி.சி. எழுதியது நான், பதிவேட்டில் பதிந்ததும் நான். நீங்கிய காரணம் என்ற கட்டத்தில் "பெற்றோர் விருப்பம்" என்று எழுதினேன். தலைமையாசிரியர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. "டீ சொல்லட்டுங்களா?" என்றார்.

ஆகையால் மற்றவர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. ஆனால் அந்தக் கட்டத்தைப் படிக்கத் தெரியும். ஆரம்பத் தொகுதிகளில் அதிகம் இருப்பது "படிப்பு முடிந்தது", "தொடர்ந்து வராமை". தொடர்ந்து வராமை என்றால் பையன் பட்டறைக்குப் போய்விட்டான் என்று அர்த்தம். பெண் பிள்ளைகளுக்கு "வீட்டுச் சூழ்நிலை" என்று ஒன்று எழுதுவோம். வயதுக்கு வந்துவிட்டாள், பள்ளியில் ஒழுங்கான கழிப்பறை இல்லை என்று இரண்டு விரல் கட்டத்தில் எழுத முடியாது. எண்பதுகளின் கடைசியில் இருந்து "பெற்றோர் விருப்பம்" கூடிக்கொண்டே போகிறது. தொண்ணூறுகளில் பக்கம் முழுக்க அதுதான். மேற்படிப் புள்ளி வைத்து வைத்து இறங்கியிருப்பேன். அந்தச் சொல்லுக்குள்ளே இங்கிலீஷ் மீடியம் இருக்கிறது, பிளஸ் டூ இருக்கிறது, டை கட்டின யூனிபார்ம் இருக்கிறது. கணக்குக்கு வாத்தியார் இல்லை என்பதும் இருக்கிறது.

அந்தக் கடைசிக் காரணத்தைத்தான் உங்கள் மூன்றாவது வரி விட்டுவிட்டது.

ஒவ்வொரு ஆகஸ்டு முதல் தேதியும் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுத்து, அதை வைத்து எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று நிர்ணயம் செய்வார்கள். பட்டியலைத் தட்டச்சு செய்கிறவன் நான். பிள்ளைகள் குறைந்தால் ஒரு பணியிடம் உபரி. உபரி என்றால் அந்த ஆசிரியர் வேறு பள்ளிக்குப் பணிநிரவலில் போவார். அதே வருடம் இன்னொருவர் ஓய்வு பெறுவார், அந்த இடம் நிரம்பாது. மூன்றாமவரை வேறொரு பள்ளிக்கு மாற்றுப் பணியில் அனுப்புவார்கள். சம்பளம் எங்கள் பள்ளியில், பாடம் அங்கே. அப்படித்தான் நரசிம்மரை எழுப்பாதீர்கள் என்று சொன்ன கணக்கு வாத்தியார் போனார். அவர் போனது செப்டம்பரில். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்புப் பெற்றோர்கள் அலுவலக அறைக்கு வந்தார்கள். நாலைந்து பேர், பட்டறையிலிருந்து அப்படியே வந்தவர்கள், கையில் கரி. "கணக்கு யாருங்க சார் நடத்துறாங்க?" என்று கேட்டார்கள். ஓவிய வாத்தியார் பார்த்துக்கொள்கிறார் என்று தலைமையாசிரியரால் சொல்ல முடியவில்லை. அடுத்த ஜூனில் ஒன்பது முடித்த பிள்ளைகளில் பாதிக்கு டி.சி. எழுதினேன். காரணம், பெற்றோர் விருப்பம். ஆகஸ்டு முதல் தேதி மறுபடியும் கணக்கெடுத்தார்கள். எண்ணிக்கை குறைந்திருந்தது. அறிவியல் ஆசிரியர் உபரி ஆனார்.

இப்போது சொல்லுங்கள். பிள்ளைகள் வராததால் ஆசிரியர் போனாரா, ஆசிரியர் போனதால் பிள்ளைகள் வரவில்லையா? இரண்டும் ஒன்றை ஒன்று துரத்தின. ஆனால் கோப்பில் முதலாவதுக்கு மட்டும்தான் கட்டம் உண்டு. இரண்டாவதற்குக் கட்டமே கிடையாது. உங்கள் நிருபர் அந்தக் கோப்பைப் பார்த்து எழுதியிருப்பார்.

இன்னொன்றும் உண்டு. உயர்நிலைப் பள்ளிக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வானத்திலிருந்து வருவதில்லை. சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளில் ஐந்து முடித்து வரவேண்டும். பக்கத்துத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் ஒவ்வொரு ஜூனிலும் ஐந்தாம் வகுப்பு முடித்தவர்களின் டி.சி.க்களை அவரே கொண்டுவருவார். மஞ்சள் பையில், நூல் போட்டுக் கட்டி. மேசையில் வைத்தால் டொம் என்று சத்தம் கேட்கும். "இந்தாங்க, இந்த வருசத்து அறுவடை" என்பார். தெருவுக்குத் தெரு நர்சரிப் பள்ளி வந்தபோது எங்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அது எல்.கே.ஜி. சமாசாரம், நமக்கென்ன என்று இருந்தோம். அங்கே எல்.கே.ஜி.யில் சேர்ந்த பிள்ளை எங்களிடம் வராமல் போனது தெரிய ஏழு வருடம் ஆயிற்று. அவருடைய மஞ்சள் பை மெலிந்துகொண்டே வந்தது. கடைசியாக அவர் வந்தபோது பையே கொண்டுவரவில்லை. டி.சி.க்களைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

2010ல் சமச்சீர்க் கல்வி, 2012ல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழி என்று பிறகு வந்தவையெல்லாம் எங்கள் பள்ளிக்கு உதவவில்லை. காலம் கடந்துவிட்டது. நான் 2008லேயே வெளியே வந்துவிட்டேன். அதற்கடுத்த சில வருடத்தில் பள்ளியை "மூடவில்லை". மூடுவது என்ற சொல்லே கோப்பில் வராது. "அருகிலுள்ள பள்ளியுடன் இணைப்பு" என்று வரும். பெஞ்சுகள் லாரியில் ஏறின. ஒரு ஆர்மோனியம் இருந்தது, அதுவும் போயிற்று. கடைசி நாளன்று வாட்ச்மேன் போன் செய்தார். "நாளைக்கு வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போங்க சார்" என்றார். போகவில்லை. மனசு இல்லை. அதை இப்போது தப்பு என்று நினைக்கிறேன். போயிருந்தால் பதிவேடுகள் எந்த வண்டியில் ஏறின என்று பார்த்திருப்பேன்.

இந்தக் கதையெல்லாம் இப்போது எதற்கு என்று கேட்பீர்கள்.

போன மாதம் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கொலுசுக்குப் பற்றவைக்கிற வேலை செய்கிறவர். "சார், என்னத் தெரியுதுங்களா?" என்றார். தெரியவில்லை. சட்டைக் கையை மடித்து வலது முழங்கைக்குக் கீழே காட்டினார். மிளகளவில் ஒரு மச்சம், அதற்கு ஒட்டிப் பக்கத்திலேயே இன்னொன்று. மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுத வேண்டும், அதற்காகப் பிள்ளைகளைச் சட்டையை மடிக்கச் சொல்லிப் பார்ப்போம். "வலது முழங்கைக்குக் கீழ் இரட்டை மச்சம்" என்று நான் எழுதியது அந்தக் கையைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. 1976ல் ஆறாம் வகுப்பில் சேர்ந்து 1979ல் எட்டோடு போனவர். போன காரணம், தொடர்ந்து வராமை.

அவருக்கு இப்போது அறுபது முடிந்துவிட்டது. தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார், அறுபதுக்கு மேல் ஓய்வூதியம் உண்டு. ஆனால் ஆதாரில் யாரோ 01.01.1968 என்று போட்டுவிட்டார்கள். வாத்தியார் போட்ட தேதி 1965 ஜூன். இரண்டரை வருட வித்தியாசம். பள்ளிச் சான்று இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். டி.சி. தொலைந்துவிட்டது. தறி வீட்டில் மழை பெய்தால் எது மிஞ்சும். சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து அவருடைய வரிக்கு ஒரு நகல் கிடைத்தால் போதும். இணைத்த பள்ளிக்குப் போனார். "பெஞ்சுதான் வந்துச்சு, ரெக்கார்டு வரல" என்றார்கள். ஓர் அலுவலகத்துக்குப் போனார். அவர்கள் இன்னொரு அலுவலகத்தைச் சொன்னார்கள். அங்கே, "அந்தப் பள்ளியே இல்லைங்களே, நாங்க எப்படிக் குடுக்கறது?" என்றார்களாம். மூன்று நாள் பட்டறைக்கூலி போயிற்று. கடைசியில் என்னைத் தேடி வந்திருக்கிறார், என் தலைக்குள்ளே பதிவேடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு. இருப்பது உண்மைதான். ஆனால் அதில் முத்திரை குத்த முடியாது.

வருகைப் பதிவேட்டைச் சில வருடம் வைத்துவிட்டு அழிக்கலாம். சேர்க்கை நீக்கப் பதிவேட்டை அழிக்கக் கூடாது, அது நிரந்தரப் பதிவேடு. நான் ஓய்வு பெற்றபோது ஒப்படைத்தவை மொத்தம் பதினான்கு தொகுதிகள். ஒப்படைப்புப் பட்டியலின் கார்பன் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐந்தாம் ஆறாம் தொகுதிகள் மட்டும் கொஞ்சம் உப்பியிருக்கும். ஒரு ஐப்பசியில் சேர்வராயன் மலையில் பெய்த மழை இரவோடு இரவாகத் திருமணிமுத்தாற்றில் இறங்கி அலுவலக அறைக்குள் முழங்கால் அளவு வந்தது. பீரோவின் அடித்தட்டில் இருந்த இரண்டும் நனைந்துவிட்டன. பத்தாம் வகுப்புப் பெஞ்சுகளின் மேல் விரித்து, பக்கத்துக்குப் பக்கம் பழைய விடைத்தாள் வைத்து, நாலு நாள் காயவைத்தோம். அப்போது ஒன்று கவனித்தேன். தொட்டு எழுதுகிற பேனாவில் கறுப்பு மையால் எழுதியவை ஓர் எழுத்துக் கரையவில்லை. ஊற்றுப் பேனாவின் நீல மையில் எழுதியவை தண்ணீரோடு போய்விட்டன. போனவற்றின் மேலே, காகிதத்தில் பதிந்திருந்த நிப்புத் தடத்தைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கறுப்பு மையில் மறுபடி எழுதி, தலைமையாசிரியர் ஒப்பம் வாங்கினேன். அதனால் அந்தப் பக்கங்களில் இரண்டு கையெழுத்து இருக்கும். யாராவது போலி என்று சந்தேகப்பட வேண்டாம்.

இந்தப் பதினான்கும் இப்போது எங்கே என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்தப் பூட்டின கட்டடத்துக்குள்ளேயே இருக்கின்றன என்பது என் ஊகம். உங்கள் படத்தில் இடது ஓரத்து ஜன்னல் வழியாகப் பச்சை நிறத்தில் ஒரு விளிம்பு தெரிகிறது. அது எங்கள் பீரோ. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்த ஜன்னலுக்கு மேலேதான் ஓடு சரிந்திருக்கிறது. இன்னும் இரண்டு மழை தாங்குமா என்று சொல்ல முடியாது.

கட்டடத்தை இடிக்கட்டும், வண்டி நிறுத்துமிடம் கட்டட்டும், வணிக வளாகம் கட்டட்டும். அதைப் பற்றி எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அதற்கு முன்னால் அந்தப் பீரோவைத் திறந்து, பதினான்கு தொகுதிகளையும் எடுத்து, நகல் எழுதிக் கொடுக்க அதிகாரம் உள்ள ஒரு பள்ளியில் வைக்க வேண்டும். வைத்த இடத்தை எழுதி, பழைய வாசலில் ஒரு தகரப் பலகை மாட்ட வேண்டும். "இப்பள்ளியில் படித்தவர்களின் பதிவேடுகள் இன்ன இடத்தில் உள்ளன" என்ற ஒரு வரி போதும். படித்தவர்கள் பெரும்பாலும் குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் அன்னதானப்பட்டியிலும்தான் இருக்கிறார்கள். அந்த வாசல் வழியாகத்தான் தினம் போகிறார்கள். பலகை மாட்டுகிற செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். ரப்பர் ஸ்டாம்பு மாதிரி தாமதமானால் கையால் எழுதியும் தருகிறேன்.

உங்கள் நிருபரோ சம்பந்தப்பட்டவர்களோ கட்டடத்தைத் திறக்கும் நாளில் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் வந்துவிடுவேன். காலை பத்து மணிக்கு மேல் எந்த நாளும் சௌகரியம். நான் வராவிட்டாலும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பச்சைப் பீரோவின் வலது கதவு வெள்ளத்துக்குப் பிறகு கொஞ்சம் இறங்கிவிட்டது. சாவி போட்டு இழுத்தால் வராது. கைப்பிடியைப் பிடித்து ஒரு விரற்கடை மேலே தூக்கிக்கொண்டு இழுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி எழுத்தர்,
குகை, சேலம்.